உரிமைக்குப் பட்டா கொடுத்தது யார்?

1975 டிசம்பர். டெல்லி உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்திருக்கிறார்கள். நெருக்கடி நிலை வந்து ஆறு மாதம் ஆகிறது. விசாரணை இல்லாமலே அடைத்துவைக்க இடம் தந்த மிசா சட்டத்தில் பிடித்து அடைக்கப்பட்டவர்கள், எங்களை எதற்காக அடைத்தீர்கள் என்று கேட்கவாவது விடுங்கள் என ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார்கள். கேட்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. அதை எதிர்த்துத்தான் மத்திய அரசு மேல்முறையீட்டுக்கு வந்திருக்கிறது. அரசுக்காக வாதாடுகிற அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்கிறார். அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவில் சுதந்திரம் மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறது. உங்கள் வாதம் உயிருக்கும் பொருந்துமா?

பொருந்தும் என்கிறார் நிரேன் டே. உயிரைச் சட்டவிரோதமாகப் பறித்தாலும், நெருக்கடி நிலை நீடிக்கிறவரை நீதிமன்றத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அரசாங்கம் கொடூரமானது என்பதற்காக அல்ல. கொடூரமான அரசுகளைப் பற்றி நிறையப் படித்தாயிற்று. அந்தப் பதிலில் தர்க்கப் பிழை இல்லை என்பதுதான் என்னைக் கலங்கடித்தது. உரிமை என்பது அரசியல் சாசனம் கொடுத்தது. சாசனத்தின் 359ஆவது பிரிவு அதை நிறுத்திவைக்கலாம் என்கிறது. குடியரசுத் தலைவர் 1975 ஜூன் 27 அன்று ஆணையிட்டு, அதற்காக நீதிமன்றம் போகும் வழியை அடைத்துவிட்டார். ஆகவே இப்போதைக்கு உங்கள் உயிருக்கு வழக்குப் போட இடமில்லை. முதல் வரியை ஒப்புக்கொண்டால் கடைசி வரிவரை போய்த்தான் ஆக வேண்டும்.

நான் முதல் வரியையே ஒப்புக்கொள்வதில்லை. நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். உயிரும் உயிரோடு ஒட்டிய மானமும் எந்த அரசும் கொடுத்தவை அல்ல, படைத்தவன் வைத்தவை என்று நம்புகிறவன். இதை வெளியில் சொன்னால் எங்கள் தெரு வழக்கறிஞர் அண்ணன் உடனே சண்டைக்கு வந்துவிடுவார். அவர் பெரியார் வழியில் வந்தவர். "கடவுள் கொடுத்தார்னு சொல்றியே தம்பி, பட்டா எங்க? எந்த ஆபீஸ்ல பதிஞ்சிருக்கு?" என்பார். சாயங்கால டீக்கடையில் எங்களுக்குள் இது ஓயாத வழக்கு. அவர் பட்டா என்று சொன்னதையே பிடித்துக்கொண்டு நானும் பதில் சொல்வேன்: நிலம் பட்டாவுக்கு முன்னாலேயே இருக்கிறது அண்ணே, பட்டா கொடுத்த தாசில்தார் மண்ணை உண்டாக்கவில்லை. "சரி, பட்டா இல்லாத நிலத்த எவன் வேணும்னாலும் வளைச்சுப் போடுவானே, அப்ப உன் கடவுள் வேலி போடுவாரா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விதான் என்னை இவ்வளவு படிக்க வைத்தது.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வந்தது. நான்குக்கு ஒன்று. தலைமை நீதிபதி ஏ.என். ராய், எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஆகிய நால்வரும் அரசின் பக்கம். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் 21ஆவது பிரிவுதான் ஒரே இருப்பிடம். அதற்காக வழக்குத் தொடுப்பதை நிறுத்தியபின் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவர்கள் நிலை. நீதிபதி பெக் இன்னும் ஒரு படி மேலே போனார். கைதிகளுக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு. அரசு அதிகாரிகள் காட்டும் அக்கறை ஏறக்குறைய ஒரு தாயின் அக்கறை போன்றது என்று எழுதினார்.

அந்தத் தாயின் அக்கறை எப்படி இருந்தது என்று சென்னைக்குத் தெரியும். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. பிப்ரவரி 2ஆம் தேதி இரவு சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளைக் கொட்டடியில் வைத்து அடித்து நொறுக்கினார்கள். மு.க. ஸ்டாலின் மேல் விழ வந்த அடிகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர் முன்னாள் மேயர் சிட்டிபாபு. அடுத்த ஜனவரியில் அவர் இறந்துபோனார். அந்தச் சிறையில் நடந்ததைப் பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சிறையில் அந்த அடி விழுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஒரு நீதிபதி தாய்மையைப் பற்றி எழுதுகிறார்.

ஒற்றை ஆளாக மாறுபட்டவர் கன்னா. அவருடைய மாறுபட்ட தீர்ப்பை நான் முதலில் ஓர் ஆசையோடுதான் திறந்தேன்: எங்காவது கடவுள் என்று எழுதியிருப்பார், அண்ணனிடம் காட்டலாம் என்று. அவர் அப்படி எழுதவில்லை. உயிரின் புனிதம் அரசியல் சாசனத்தோடு பிறந்த புதுச் சரக்கு அல்ல. 21ஆவது பிரிவே இல்லாவிட்டாலும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது என்றுதான் எழுதினார். சாசனம் அந்த உரிமையை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைப் பதிந்துவைத்தது என்பது அதன் சாரம். யார் வைத்தது என்று அவர் சொல்லவில்லை. அரசு வைத்தது இல்லை என்பதை மட்டும் அசைக்க முடியாதபடி சொன்னார்.

அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்னால் ஹரித்வாரில் கங்கைக் கரையில் தன் சகோதரியிடம், நான் எழுதி வைத்திருக்கும் தீர்ப்பு எனக்குத் தலைமை நீதிபதி பதவியை இல்லாமல் ஆக்கிவிடும் என்று சொன்னதாகக் கன்னா பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்படியே நடந்தது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான பெக்கைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

அரசு கொடுத்ததில்லை என்கிற இந்தத் துணிச்சல் நமக்கு ஒன்றும் புதிதல்ல. பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது வர முடியாது என்று மறுத்து அப்பர் பாடியதாகப் பெரியபுராணம் சொல்வது "நாமார்க்கும் குடியல்லோம்" என்ற பாட்டைத்தான். சிவனுக்கு ஆள், ஆகவே உனக்குக் குடி இல்லை. அரசனுக்கு மேலே ஒருவன் இருக்கிறான் என்கிற நம்பிக்கை ஒரு தனி மனிதனை எவ்வளவு நிமிர வைக்கும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது.

இதையே ஒரு நாட்டின் தொடக்க ஆவணத்தில் எழுதியது அமெரிக்கா. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், படைத்தவர் அவர்களுக்குப் பறிக்க முடியாத சில உரிமைகளைத் தந்திருக்கிறார், அந்த உரிமைகளைக் காக்கத்தான் மனிதர்கள் அரசுகளை அமைக்கிறார்கள் என்கிறது 1776 சுதந்திரப் பிரகடனம். 1961இல் பதவியேற்ற கென்னடியும், மனித உரிமைகள் அரசின் தாராளத்திலிருந்து வருபவை அல்ல, கடவுளின் கையிலிருந்து வருபவை என்று தன் முதல் உரையிலேயே சொன்னார். அங்கே இன்றும் இது அரசியல் மேடையில் அடிக்கடி கேட்கிற பேச்சு.

அந்தப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் பிலடெல்பியாவுக்குத் தனியாக வரவில்லை. அவருக்கு ஏவல் செய்ய ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற பதின்வயது அடிமைப் பையனும் கூட வந்திருந்தான். படைத்தவர் தந்த உரிமையைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவருக்குச் சட்டையும் கோட்டும் எடுத்துக் கொடுத்தது, அந்த உரிமை மறுக்கப்பட்ட ஒரு கை. வாழ்நாளில் ஜெஃபர்சன் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார்.

இது ஜெஃபர்சனின் தனிப்பட்ட முரண் என்று விட்டுவிடலாம் என்றால், 1861 மார்ச் 21 விடமாட்டேன் என்கிறது. அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் பேசினார். எல்லா இனமும் சமம் என்று நினைத்தது பழைய தலைவர்களின் பிழை. கறுப்பர் வெள்ளையருக்கு அடங்கியிருப்பதே இயற்கை, அதுவே படைத்தவரின் ஏற்பாடு. எங்கள் புதிய அரசு இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது என்றார். 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகப்புரையில் கடவுள் பெயர் கிடையாது. அடிமை முறையைக் காப்பாற்ற எழுதிய தென் மாநிலங்களின் சாசன முகப்புரையில் உண்டு, எல்லாம் வல்ல இறைவனின் அருளை வேண்டி என்று. கடவுளை நம்புகிற நான் இந்த ஒப்பீட்டை மறைக்கப் போவதில்லை. அண்ணன் இதைச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊர் போதும். 1923இல் பம்பாய் சட்டமன்றம், பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் போட்டது. மறு ஆண்டு மஹாட் நகராட்சி சவதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தானும் தீர்மானம் போட்டது. காகிதத்தில் உரிமை வந்துவிட்டது. ஆனால் குளத்தில் யாரும் இறங்கவில்லை, இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பிவிட்டு, வந்தவர்களை அடித்தார்கள். அப்புறம் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்: சாணம், கோமியம், பால், தயிர் கலந்து 108 பானை, மந்திரத்தோடு ஊற்றினார்கள். தீர்மானம் போட்டது அரசு. பூட்டுப் போட்டவர்கள் கடவுள் பெயரைச் சொன்னவர்கள். அந்தக் குளத்து வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் 1937இல்தான் முடிந்தது, அம்பேத்கர் பக்கமே தீர்ப்பு.

மாடு இறங்கிக் குடித்த குளம் அது. பறவை குடித்த குளம். மனிதன் குடித்ததும் 108 பானை. இதைச் செய்தவர்களிடம் கேட்டிருந்தால், எங்கள் உரிமை கடவுள் தந்தது என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள். அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. கடவுள் எனக்குக் கொடுத்தார் என்று தொடங்குகிறவனை நம்பக் கூடாது. கடவுள் அவனுக்கும் கொடுத்திருக்கிறார், ஆகவே நான் விலகி வழிவிட வேண்டும் என்று முடிக்கிறவனின் நம்பிக்கையைத்தான் நான் நம்பிக்கை என்பேன். அலபாமாவின் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து 1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம் எனக்கு அதனால்தான் இவ்வளவு நெருக்கம். எழுதத் தாள் இல்லாமல் செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கிய கடிதம் அது. பொறுத்திருங்கள் என்று புத்தி சொன்ன வெள்ளை மதகுருமார்களுக்கு அவர் பதில் சொல்கிறார்: சாசனம் தந்த, கடவுள் தந்த உரிமைகளுக்காக நாங்கள் 340 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்துவிட்டோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். சிறைக்குள் இருந்த அந்தப் பாதிரியாருக்கு இரண்டும் தேவைப்பட்டன.

இனி 1949 அக்டோபர் 17க்கு வருகிறேன். இந்திய அரசியல் நிர்ணய சபையில் முகப்புரை விவாதத்துக்கு வந்த நாள். எச்.வி. காமத் எழுந்து, "கடவுளின் பெயரால்" என்ற சொற்களோடு முகப்புரை தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். சபையில் அன்று நடந்ததைப் படிக்கப் படிக்க அலுக்காது. அசாமின் ரோகிணி குமார் சவுத்ரி, காமாக்யா தேவி இருக்கும் நாட்டிலிருந்து வருகிறேன், சக்தியை வழிபடுகிறவர்களை ஒதுக்காமல் தேவியின் பெயரால் என்று ஏன் போடக் கூடாது என்று கேட்டார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி காமத்திடம் மன்றாடினார். திருவிதாங்கூரின் பட்டம் தாணுப் பிள்ளை பேசியதுதான் என் மனதில் தங்கியது. அவர் நம்பிக்கையாளர்தான். ஆனாலும், நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் மனிதனுக்கு உரிமை உண்டு, இந்தத் திருத்தம் நம்பிக்கையில் கட்டாயத்தைக் கொண்டுவந்துவிடும் என்றார். காமத் விடவில்லை, வாக்கெடுப்புக் கேட்டார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் தோற்றுப்போனார் என்று அண்ணன் இதைக் கொண்டாடுவார். காமத் அன்று இது நம் வரலாற்றில் கறுப்பு நாள் என்றார்.

நான் காமத்தின் பக்கம் நிற்க வேண்டியவன். நிற்கவில்லை. அவர் தோற்றது நல்லது என்றே நினைக்கிறேன், அதுவும் என் நம்பிக்கையின் காரணமாகவே. உயிரும் மானமும் படைத்தவன் தந்தவை என்றால், படைத்தவனை மறுக்கிறவனுக்கும் அவை அப்படியே, ஒரு குன்றிமணி குறையாமல் உண்டு. என்னை ஒப்புக்கொண்டால்தான் தருவேன் என்று அவன் சொல்லவில்லையே. மழை அண்ணன் வீட்டு மாடியிலும்தான் பெய்கிறது. அப்படியிருக்க உரிமைகளின் வாசலில் கடவுள் பெயரை எழுதி, படித்துவிட்டு உள்ளே வா என்று நாம் சொன்னால், அவன் வைக்காத நிபந்தனையை நாம் வைத்தவர்கள் ஆவோம். அதற்கு ஓராண்டுக்கு முன்னால் ஐ.நா.வின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை எழுதியபோதும் இதே விவாதம் நடந்தது. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்று சேர்க்கச் சொன்னது பிரேசில், சீனாவின் பி.சி. சாங் வேண்டாம் என்றார், கடைசியில் சேர்க்கவில்லை. கடவுள் பெயர் இல்லாத அந்த ஆவணத்தை நம்பிக்கையாளர்களும் நம்பிக்கை இல்லாதவர்களும் ஒன்றாகக் கையில் எடுக்க முடிகிறது.

கடவுள் தந்த உரிமை என்று பேசுகிறவர்களில் ஒரு சாராரோடு எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. பேச்சு, வழிபாடு, சொத்து இதெல்லாம் கடவுள் தந்தது, அரசு கை வைக்கக் கூடாது. ஆனால் சோறு, மருந்து, முதியோர் உதவித்தொகை இதெல்லாம் உரிமையே இல்லை, அரசு தரும் சலுகை என்பார்கள். குறிப்பாக அமெரிக்காவில் இந்த வாதம் பலம். தமிழ் படித்த ஒருவர் இதை எப்படி ஏற்பார் என்று எனக்குப் புரியவில்லை. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்றது குறள், "பரந்து கெடுக உலகியற்றியான்" என்று. சோற்றுக்கே கடவுளைப் பொறுப்பாக்கிய வரி அது. உயிர் கடவுள் தந்ததென்றால் உயிரைத் தாங்கும் சோறு மட்டும் எப்படி யாரோ போடும் தர்மமாகும்? உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்று பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. குறள் அதற்கு வெகு காலம் முன்னாலேயே சொல்லிவிட்டது.

இதை எழுதத் தூண்டியது எங்கள் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவரின் விஷயம். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. மகன் இருக்கிறார் என்று எழுதி நிறுத்தியிருக்கிறார்கள். மகன் இருக்கிறார்தான், எங்கே இருக்கிறார் என்று பாட்டிக்கே தெரியாது. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போனோம், அண்ணனும் நானும். வாசலில் மனு எழுதுகிறவர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, பாட்டி வாயைத் திறப்பதற்கு முன்பே "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று எழுதத் தொடங்கிவிட்டார். வரிசையில் பாட்டி யாரைப் பார்த்தாலும் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். குடிநீர்ப் பாட்டில் கொண்டுபோன பையனைக்கூடக் கும்பிட்டார். அண்ணன் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "ஆத்தா, இது உங்க பணம். யாரையும் கும்பிட வேண்டாம்" என்றார். பாட்டி பதறிப்போய், "கவர்மெண்டு மனசு வெச்சாத்தானய்யா உண்டு" என்றார்.

நிரேன் டே உச்ச நீதிமன்றத்தில் சொன்னதும் அதுதானே. அவர் அதைச் சட்டப் பிரிவுகளோடு சொன்னார், பாட்டி பயத்தோடு சொன்னார். அரசு மனம் வைத்தால் உண்டு என்பது இந்த மண்ணில் இவ்வளவு ஆழமாக இறங்கியிருப்பது எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பாட்டி தினமும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். தன் உயிரை அம்மன் தந்தது என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை கோயில் வாசலோடு நின்றுவிடுகிறது, கலெக்டர் ஆபீஸ் படி ஏறும்போது கூட வருவதில்லை. யாரும் அவருக்கு அதைச் சேர்த்துச் சொல்லித் தரவில்லை. கோயிலில் பேசுகிறவர்கள் பணிவைச் சொல்லித் தந்தார்கள். அரசியல் பேசுகிறவர்கள் நன்றியைச் சொல்லித் தந்தார்கள்.

வேலி போடுவது யார் என்று அண்ணன் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. வேலி மனிதர்கள்தான் போட வேண்டும், அதுவும் எழுதிப் போட வேண்டும். 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது; இனி எந்த நெருக்கடியிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்று சாசனத்திலேயே எழுதினார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, 1976 தீர்ப்பு தவறு என்று அறிவித்தார்கள். உயிரும் சுதந்திரமும் சாசனம் உருவாக்கியவை அல்ல, மனிதனோடு பிறந்தவை, அரசு போட்ட பிச்சை அல்ல என்ற பொருளில் அந்தத் தீர்ப்பை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976இல் அரசின் பக்கம் நின்ற ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். தந்தை எழுதியதை மகன் தன் கையால் ரத்து செய்த அந்தப் பக்கங்களை அண்ணனும் நானும் சேர்ந்தே படித்தோம்.

எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் பிணமாகத்தான் வீடு திரும்பினார்கள். அப்போது நெருக்கடி நிலை இல்லை. 21ஆவது பிரிவு முழு உயிரோடு இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம் அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்தார்கள் என்று சாட்சி சொன்னார். மிரட்டலுக்கு நடுவே, பயந்துகொண்டே சொன்னார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அண்ணன் இன்றுவரை கடவுளை ஒப்புக்கொள்ளவில்லை, நானும் அவரை அதற்காக நச்சரிப்பதில்லை. மனிதனின் உயிர் அரசு போட்ட பிச்சை அல்ல என்பதில் இருவருக்கும் ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை. பாட்டியின் மனுவுக்கு விசாரணையில் உள்ளது என்று பதில் வந்திருக்கிறது. மேல்முறையீட்டை அண்ணன் எழுதுகிறார். கருணை கூர்ந்து என்ற வார்த்தை அதில் கிடையாது. கையெழுத்துப் போடப் பாட்டி தயங்கினார், அப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று. மாரியம்மன் கொடுத்த உயிருக்குத்தான் ஆத்தா இந்தச் சோறு, கேக்குறதுல தப்பே இல்ல என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினார்.